கிளவுட் ஒப்பந்தத்தைப் படிப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் நிறுவனங்கள் கிளவுட் சேவைக்கு, அதாவது கணக்கையும் தரவையும் இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைத்துப் பயன்படுத்தும் முறைக்கு, மாறுவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. சர்வர் வாங்கும் முதலீடு மிச்சமாகும், அதற்கென்று ஓர் அறையும் ஏசியும் வேண்டியதில்லை, முதலாளி வெளியூரில் இருந்தாலும் கணக்கைப் பார்க்கலாம் என்று அவை சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சேவையை வாங்குகிறவர் எந்தெந்தச் சட்டங்களின் கீழ் வருகிறார், எதற்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்படுகிறார் என்ற பகுதியை அவை தொடுவதில்லை. திருப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்துவரும் எனக்கே அந்தப் பகுதி மிகத் தாமதமாக, அதுவும் ஒரு வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட இழப்பின் வழியாகத்தான் புரிந்தது என்பதால், அதைக் கற்பது குறித்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் வாடிக்கையாளரான ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன், கிளவுடில் இயங்கிய ஒரு கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறியது. முடிவு நிலுவைகளை மட்டும் புதியதில் ஏற்றிக்கொண்டு, பழையதற்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து, முந்தைய ஓர் ஆண்டின் உள்ளீட்டு வரி வரவு தொடர்பாக ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தபோது பழைய பேரேட்டைத் திறக்க முயன்றோம், திறக்கவில்லை. சந்தா முடிந்த 60 நாட்களில் தரவு அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதன்படி அழித்துவிட்டோம் என்று சேவை நிறுவனத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. "ஏனுங்க சார், நம்ம கணக்கு நம்மளுது இல்லீங்களா?" என்று அந்த முதலாளி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நிறுவனச் சட்டம் 2013இன் 128ஆவது பிரிவு, கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவு, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. எட்டு ஆண்டுக் கடமையை 60 நாள் ஒப்பந்தத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். வங்கி அறிக்கைகள், தாக்கல் செய்த படிவங்கள், தையல் கூலி வவுச்சர்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்த ஆண்டுக் கணக்கை மீண்டும் எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த ஒப்பந்தத்தை முதலாளி படிக்கவில்லை, அவருடைய கணக்கர் படிக்கவில்லை, ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட்ட நானும் படிக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் படித்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் இணையவழிச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அது 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் தொடங்கி, சர்வதேசத் தரச் சான்றுகளின் எண்களை மனப்பாடம் செய்ய வைத்து முடிந்தது. தரவின் நோக்கத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், அவர் சொற்படி அதைக் கையாளுபவர் இன்னொருவர் என்ற அடிப்படைப் பாகுபாடு அங்கேதான் எனக்குக் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று மாதம் படித்த பிறகும் என் வாடிக்கையாளரின் அடுத்த ஒப்பந்தத்தில் எந்த வரியைத் திருத்தச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒப்பந்தத்தை அச்செடுத்து, ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் நம் நாட்டு விதிகளையும் வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகே பாடம் பிடிபட்டது. கிளவுட் தொடர்பான சட்டத்தை அந்த வரிசையில் கற்பதே சரி, அதாவது முதலில் சொந்த ஒப்பந்தம், பிறகு அது உரசிப் பார்க்கப்பட வேண்டிய விதி, கடைசியாகத்தான் பிற நாட்டுச் சட்டம் என்பதே என் கருத்து.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நிறுவனங்களின் கணக்குகள் பற்றிய 2014ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதி, மின்னணு முறையில் வைக்கப்படும் கணக்குப் புத்தகங்களின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும் என்கிறது. முன்பு அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்த அந்த நகலை, 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் நாள்தோறும் எடுக்க வேண்டியதாக்கியது. கணக்குகள் கிளவுடில் இருந்தால் சேவை நிறுவனம் தரும் முகவரியை ஆண்டுதோறும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், சேவை நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கணக்குகளை இந்தியாவில் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. 'கிளவுட்' என்ற சொல்லே விதிக்குள் எழுதப்பட்டிருக்கும்போது, "எல்லாம் கிளவுடில் இருக்குதுங்க" என்பது பதிலாகாது. அது சிறுசேரியிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. எந்தக் கட்டடம் என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. மாதம் சில நூறு ரூபாய் சந்தாவில் கணக்கு மென்பொருள் வாங்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

அடுத்தது பொறுப்பு. இதைத்தான் நம் தொழில்முனைவோர் மிகத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சம்பள மென்பொருளில் தொழிலாளர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், பிஎஃப் எண், ஆதார் நகல் எல்லாம் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவை கசிந்தால் சேவை நிறுவனம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. தரவைத் தன் நோக்கத்துக்காகப் பெற்றவர், அதை வேறொருவரைக் கொண்டு கையாண்டாலும், ஒப்பந்தத்தில் மாறாக எது எழுதப்பட்டிருந்தாலும், தாமே பொறுப்பு என்று அதன் எட்டாவது பிரிவு சொல்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரையும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். இவை உச்சவரம்புகள், சிறு நிறுவனத்தின் மீது அந்த அளவுக்கு விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்த விரும்பவில்லை. ஆயினும் இதே நிறுவனத்தின் கிளவுட் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எந்த இழப்பானாலும் சேவை நிறுவனத்தின் பொறுப்பு, கடந்த 12 மாதங்களில் கட்டிய சந்தாத் தொகைக்கு மேல் போகாது என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. மாதம் 12,000 ரூபாய் கட்டுகிறவருக்கு அது 1,44,000 ரூபாய். சட்டத்தின் முன் பொறுப்பு முழுதும் நம்முடையது, திரும்பப் பெறக்கூடியதோ ஓராண்டுச் சந்தா. இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டுதான் காப்பீடு எடுப்பதா, ஆதார் நகலை ஏற்றாமலே இருப்பதா என்று முடிவு செய்ய முடியும். (ஆதார் நகலை ஏற்றாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்பதைப் பல இடங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.) இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் வகையில் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. படிப்பதற்கான காலம் அந்த அவகாசம்தான்.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தொழில்நுட்பம் படித்தவர்களும் சட்டம் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒன்று. அதில் பட்டியலிடப்பட்ட சம்பவம் ஒன்று தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி தானே எழுதிவைக்கும் பதிவேடுகளை, அதாவது லாக் எனப்படுபவற்றை, 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். கிளவுட் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இப்போது ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அமேசான் வலைச் சேவையில் கிளவுட்டிரெயில் நிகழ்வு வரலாறும், மைக்ரோசாஃப்ட் அஷ்யூரின் செயல்பாட்டுப் பதிவும், நாமாக வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 90 நாட்களுக்கு மேல் கிடைக்காது. சட்டம் 180 கேட்கிறது, தானாக இருப்பது 90. நடுவிலிருக்கும் 90 நாட்களை 'பக்கெட்' எனப்படும் ஒரு கிளவுட் சேமிப்பிடத்தைத் திறந்து அதில் பதிவேட்டைத் திருப்பிவிட்டுச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். ஆனால் பொறியாளருக்கு 180 தெரியாது, வக்கீலுக்கு 90 தெரியாது. 6 மணி நேரக் கெடுவும் அப்படித்தான். சேவை நிறுவனம் தனக்குத் தெரிந்ததை நமக்கு 48 மணி நேரத்தில் சொல்வதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நமக்குத் தெரியவரும்போதே அங்கே இரண்டு நாள் கழிந்திருக்கும். அந்த எண்ணைக் குறைக்கும்படி கேட்கலாம். சிறிய மென்பொருள் நிறுவனங்களிடம் நான் கேட்டுப் பெற்றிருக்கிறேன். பெரிய நிறுவனங்கள் தங்கள் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை.

வெளிநாட்டுச் சட்டம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2025 ஜூலையில் நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்வேன். குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13 சதவீதப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18 அன்று அறிவித்த தடைப் பட்டியலில் நயாராவும் சேர்க்கப்பட்டது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ஊழியர்களின் மின்னஞ்சல் முடங்கியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாதம் முடிவதற்குள் சேவை திரும்பியது, வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. ஒருதலைப்பட்சமான தடைகளை ஏற்பதில்லை என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. வாங்கியவர் இந்திய நிறுவனம், கட்டணம் கட்டப்பட்டிருந்தது, இந்தியச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. இருந்தும் பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவு வாடினாரில் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியை மூடிவிட்டது. வழக்கு தீர்ப்புவரை போகாததால் சட்டக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது, எந்தக் காரணங்களுக்காக முன்னறிவிப்பின்றிச் சேவையை நிறுத்தலாம், நிறுத்தினால் தரவை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் என்ற மூன்று வரிகளையும் தேடிப் படிக்க இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. நம் ஏற்றுமதியாளர்களின் வாடிக்கையாளர்களில் பலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், மின்னஞ்சல் சேவையோ பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களுடையது.

தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதை வைத்திருப்பவர் எந்த நாட்டவர் என்பதும் கேள்விதான் என்று காட்டியது அமெரிக்காவில் நடந்த இன்னொரு வழக்கு. அயர்லாந்தில் டப்ளின் நகரத்துச் சர்வரில் இருந்த மின்னஞ்சல்களை ஒப்படைக்கும்படி 2013இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையை மைக்ரோசாஃப்ட் எதிர்த்தது. 2016இல் மேல்முறையீட்டில் வென்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2018 மார்ச்சில், சர்வர் எங்கிருந்தாலும் அமெரிக்க நிறுவனம் ஒப்படைக்கத்தான் வேண்டும் என்று கிளவுட் சட்டம் என்றே சுருக்கப் பெயர் கொண்ட ஒரு சட்டம் வந்து, வழக்கைத் தேவையற்றதாக்கிவிட்டது. தரவு சென்னையிலேயே இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னால், அது நல்லதுதான். நம் விதிகளில் ஒன்று நிறைவேறுகிறது. அதற்கு மேல் எதையும் அது உறுதி செய்யவில்லை.

நகல் எடுப்பதைப் பற்றி ஒன்று. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற கிளவுட் சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் 2021 மார்ச் 10 அன்று தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுதும் எரிந்தது. தானியங்கி நகல் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு நகலும் கிடைக்கவில்லை. ஏனென்றால் நகலும் அதே கட்டடத்தில் இருந்திருக்கிறது. நகல் தனித்த இடத்தில் வைக்கப்படும் என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டி அவர் வழக்குத் தொடுத்தார். லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 ஜனவரியில் முதல்நிலைத் தீர்ப்பில், 1 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவருக்கு வழக்காட இடம் கொடுத்தது அந்த ஒரு வாசகம். நம் ஊர் ஒப்பந்தங்களில் 'நகல் எடுக்கப்படும்' என்று மட்டும் இருக்கும், எங்கே என்று இருக்காது. தென்கொரியாவின் டேஜன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில் 700க்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் கிடங்குக்கு வெளி நகலே இல்லை. தொழில்நுட்பத்தில் நம்மைவிட முன்னே இருக்கும் நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது.

99.9 சதவீத நேரம் இயங்கும் என்ற உறுதிமொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாள் மாதத்தில் அது 43 நிமிட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. அதை மீறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த மாதப் பில்லில் ஒரு கழிவு, அதுவும் நாம் விண்ணப்பித்தால். வங்கிகளுக்கும் பங்குச்சந்தை நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கியும் செபியும் 2023இல் தனித்தனியாகவே விதிகள் வகுத்துவிட்டன. வங்கிக்கு மென்பொருள் விற்கும் சிறு நிறுவனங்கள் அவற்றைத் தவிர்க்க முடியாது. வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கிளவுடில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவது என்பதை வழக்கு வந்த பிறகு யோசிப்பது தாமதம்.

இதையெல்லாம் யார் கற்றுத் தருவது? பொறியியல் கல்லூரியில் கிளவுட் ஒரு பாடம். மெய்நிகர் சர்வரை நிறுவத் தெரிந்த பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு மென்பொருள் அமைத்துத் தர வருகிறார்கள். சேவை நிறுவனத்தின் பொறுப்பு எங்கே முடிந்து நம் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற படத்தை அவர்கள் வரைந்து காட்டுகிறார்கள், ஆனால் அந்தக் கோடு ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்னிடம் ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு விதி எண்கள் தெரியும், லாக் என்றால் என்னவென்று தெரியாது. இரு தரப்பையும் சனிக்கிழமை மாலைகளில் என் அலுவலகத்தில் உட்காரவைத்து ஒரே ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். பத்துப் பக்கம் படிக்க நான்கு வாரம் ஆகிறது. சலிப்பூட்டும் வேலை; ஆனால் மூன்றாவது வாரத்தில் பொறியியல் படித்த ஒரு பெண், சேவை நிறுவனம் தன் துணை ஒப்பந்ததாரர்களின் பட்டியலை இணையத்தில் மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்ற வரியைக் காட்டி, "அப்போ நம்ம டேட்டா யார்கிட்ட இருக்குன்னு நமக்கே தெரியாதுங்களா சார்?" என்று கேட்டாள். நான் சேர்ந்த சான்றிதழ் வகுப்பில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

மொழியும் ஒரு தடை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, தரவு சேகரிக்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது. அதாவது, திருப்பூர்த் தையல் தொழிலாளி தமிழில் கேட்டால் தமிழில் கொடுத்தாக வேண்டும். ஆனால் தரவைத் தன் நோக்கத்துக்காகப் பெற்றவரை அந்தச் சட்டம் குறிக்கும் 'டேட்டா ஃபிடூஷியரி' என்பதற்கு நிலைத்த தமிழ்ச் சொல் எங்களிடம் இல்லை; நம்பிக்கையின் பேரில் பிறர் பொருளை வைத்திருப்பவர் என்ற கருத்து, கோயில் தர்மகர்த்தாவையும் சீட்டு நடத்துபவரையும் அறிந்த நமக்குப் புதிதல்ல, ஆனால் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பைக் கையாண்டுகொண்டிருக்கிறோம். வணிகர் சங்கங்களும் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கிளைகளும் வழக்கறிஞர் சங்கங்களும் கூடி ஒரு சொற்பட்டியலையாவது உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் ஒன்று. வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தியாக, கிளவுட் ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் ஒவ்வொரு வாசகத்தையும் எடுத்து, அதன் தமிழ்ப் பொருளையும் அது உரசும் இந்திய விதியையும் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். ஒரு வக்கீலும் ஒரு கணினிப் பொறியாளரும் சேர்ந்து எழுதினால் நல்லது. சந்தா முடிந்தபின் தரவு என்னவாகும் என்ற வாசகத்தில் தொடங்கலாம். வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு, சிவப்புக் கோடு போட்ட என் பிரதிகளை அதற்காகத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டயக் கணக்காளர்,
திருப்பூர்.